துளை மட்டும் வேண்டாம், தம்பி

கேள்வி: வணக்கம் ஐயா. என் பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய 1968ஆம் வருடத்து கிப்சன் இஎஸ்-335 கிட்டார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. மூன்றாம், நான்காம் கம்பிகள் கிர்ரென்று அடிக்கின்றன. மூன்றாம் கம்பியில் மேல் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகள்) போனால் சுருதி ஏறிவிடுகிறது. கடையில், பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாலம்) போய்விட்டது, மரத்தில் பெரிய துளை போட்டு வேறு வகை வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம், தம்பி. இந்த வேலையில் மற்ற எதைச் செய்தாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். போட்ட துளையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் கிட்டாரில் இருப்பது ஏபிஆர்-1 பிரிட்ஜ். கிப்சனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டியின் கைவண்ணம், 1954இல் வந்தது. இதன் இரண்டு மெல்லிய கால்களும் நேராக மரத்திலேயே முறுக்கப்பட்டிருக்கும். கடையில் சொல்வது 1970களில் வந்த நாஷ்வில் வகையாக இருக்க வேண்டும். அதன் கால்கள் தடிமன். அதனால்தான் துளையைப் பெரிதாக்கக் கேட்கிறார்கள்.

பிரிட்ஜ் உண்மையிலேயே போய்விட்டதா என்று முதலில் நீங்களே பாருங்கள். கழற்றும் முன் இரண்டு பக்கமும் அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மாடலில் கம்பிகளின் கடைசி முனையைப் பிடிக்கும் வால் சட்டம் ஒரு ஊஞ்சல் போலத் தொங்கும். கம்பிகளைக் கழற்றியதும் அது ஆடி வார்னிஷைக் கீறிவிடும், அடியில் மடித்த துணி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் கையோடு மேலே வந்துவிடும். அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுப்பகுதி புடைத்து ஸ்கேல் இரண்டு பக்கமும் ஆடினால் பிரிட்ஜ் தொய்ந்திருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கம்பிகள் அழுத்தினால் துத்தநாக வார்ப்பு நடுவில் இறங்கத்தானே செய்யும். நடுக் கம்பிகள் இரண்டும் கிர்ரென்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வைஸில் (பட்டறை இடுக்கியில்) பிடித்து நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அந்த வார்ப்பு பட்டென்று உடைந்துவிடலாம்.

தொய்ந்திருந்தால் அதே ஏபிஆர்-1 வடிவில் புதிது வாங்குங்கள். கால்களைத் தொட வேண்டாம். வாங்கும்போது கேட்க வேண்டியது பிரிட்ஜில் கால் நுழையும் துளையின் அளவு. பழைய கிப்சன் காலின் தடிமன் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர், மரை அங்குலத்துக்கு 32. சந்தையில் கிடைக்கும் மெட்ரிக் பிரிட்ஜுகள் பல 4 மில்லிமீட்டர் காலுக்கு ஏற்றவை. அவை இந்தக் காலில் தளர்ந்து ஆடும். முன்பு ஒரு தடவை, பிரிட்ஜுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று 4 மில்லிமீட்டர் காலையே மரத்தில் இருந்த பழைய துளையில் முறுக்கினேன். மரம் விரிந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, மூன்றாம் கம்பிக்கு வருவோம். இதற்கு பிரிட்ஜைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பெரியப்பா காலத்தில் மூன்றாம் கம்பி பெரும்பாலும் மேலே சுற்று சுற்றியதாக வரும். இப்போது நாம் போடுவது சுற்றில்லாத வெறும் கம்பி. அதற்கு சாடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டு) இன்னும் பின்னால், வால் பக்கம், போக வேண்டும், ஆனால் ஏபிஆர்-1 ஒடுக்கமானது, அவ்வளவு இடம் கிடையாது. இதற்கு இரண்டு வழி. சுற்றிய மூன்றாம் கம்பியே போடலாம். அல்லது, சாடிலின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு என்பதால், சாடில்கள் விழாமல் பிரிட்ஜின் மேல் ஓடும் மெல்லிய உலோக இழையை மெதுவாகத் தூக்கி, அந்தச் சாடிலைத் திருப்பிப் போடலாம். கம்பி உட்காரும் முனை கொஞ்சம் பின்னால் போகும். எனக்குக் கேட்டால் முதல் வழிதான். அந்தக் கிட்டாரின் குரலே அதில்தான் இருக்கிறது.

புது பிரிட்ஜில் சாடில்களுக்குக் கம்பி உட்காரும் பள்ளம் இல்லாமலும் வரலாம், அப்படியானால் அராவ வேண்டும். கம்பியின் பாதி மூழ்கும் அளவுக்கு மேல் அராவ வேண்டாம், பள்ளம் வால் பக்கம் லேசாகச் சரியட்டும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரத்தை 12ஆம் ஃப்ரெட்டில் பாருங்கள்: மெல்லிய கம்பிக்கு 1.5, தடித்ததற்கு 2 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். அப்புறம் சுருதி. புதுக் கம்பி போட்டு, ட்யூனரில் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அங்கேயே அழுத்தி மீட்டும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்தும்போது ஏறினால் சாடில் பின்னால், இறங்கினால் முன்னால். ஒவ்வொரு முறையும் கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் திருகின் தலை தேய்ந்துபோகும்.

பழைய பிரிட்ஜை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அதுவும் பெரியப்பாவுடையதுதானே.