சொந்தத்தில் கல்யாணம் செய்தால் குழந்தைக்குத் தோல் நோய் வருமா?

சொந்தத்தில் கல்யாணம் நோயை உண்டாக்குவதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் மரபணுப் பழுது குழந்தையிடம் வெளிப்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு பிரதி: அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது சமாளித்துவிடும். பழுதைச் சுமப்பவருக்கே அது தெரியாது.

பாட்டியின் சாம்பார்பொடி நோட்டில் மிளகாய் அளவு தப்பு என்று வையுங்கள். மயிலாப்பூர் பேரனும் தாம்பரம் பேத்தியும் அதையே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இருவரிடமும் சரியான இன்னொரு நோட்டும் இருப்பதால் சமையல் கெடவில்லை. இவர்களின் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் அந்தத் தப்பான நோட்டே வந்தால்? ஒப்பிட்டுத் திருத்த வேறு நோட்டு இல்லை.

அத்தை மகன், மாமன் மகளுக்குள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமன், அக்கா மகளுக்குள் நான்கில் ஒரு பங்கு. இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பதில்லை.

மீன்செதில் போல உரியும் தோல், லேசாக உரசினாலே கொப்புளிக்கும் தோல், நம் சென்னை வெயிலில் சிறு வயதிலேயே புற்றுநோய் வரை போகும் தோல் ஆகியவற்றில் பல வகைகள் இப்படி வருபவை. வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

"ரத்த குரூப் வேறதானே, பயமில்லை" என்பார்கள். ரத்த குரூப்புக்கும் இந்தப் பழுதுகளுக்கும் சம்பந்தமே இல்லை.