மேல்மாடி வீடு ராத்திரியிலும் கொதிக்கிறது. கரண்ட் பில் ஏறாமல் குளிர வைக்க வழி உண்டா?

மேல்தளத்து வீடு, பகலைவிட ராத்திரி பத்து மணிக்குத்தான் புழுக்கம் அதிகம், ஏசி இல்லாமல் சமாளிக்க முடியுமா, வாங்கினால் பில்லை எப்படி அடக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழெட்டு வருடமாக மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவன் என்பதால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. முதல் இரண்டு கோடையில் செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் செய்து முடித்தவன் என்பது கூடுதல் தகுதி.

முதலில் அந்தப் பத்து மணிப் புழுக்கம். ஒருநாள் ராத்திரி ஸ்டூலில் ஏறி, கூரையின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த சட்டை மாதிரி இருந்தது. வெளியே காற்று குளிர ஆரம்பித்துவிட்டது, உள்ளே கூரை மட்டும் இன்னும் மத்தியானத்தில் இருக்கிறது. கான்கிரீட் சூட்டை உடனே கடத்திவிடாது. 10 முதல் 15 சென்டிமீட்டர் கனமுள்ள தளத்தின் மேல் விழுந்த வெயில் அடிப்பக்கம் வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். பகலெல்லாம் குடித்த சூட்டை அது நடுராத்திரி வரை கக்கிக்கொண்டே இருக்கும். நம் உடம்பும் காற்றின் சூட்டை மட்டும் உணர்வதில்லை, சுற்றியுள்ள சுவரும் கூரையும் வீசுகிற அனலையும் சேர்த்தே உணர்கிறது. அறைக் காற்று 30 டிகிரியில் இருந்தாலும், தலைக்கு மேலே 40 டிகிரியில் ஒரு பலகை இருந்தால் தூக்கம் எங்கே வரும்? ஏசியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மறுபடி வெக்கை அடிப்பதும் இதனால்தான். அது காற்றைக் குளிர வைத்தது, கூரையை அல்ல.

இதில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மேகமில்லாத நாளில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். பத்து சதுர மீட்டர் படுக்கையறை என்றால், அதன் கூரை மேல் மட்டும் 10 கிலோவாட் விழுகிறது. ஒரு டன் ஏசி அறையிலிருந்து அள்ளி வெளியே கொட்டக்கூடிய சூடு 3.5 கிலோவாட்தான். (டன் என்பது ஏசியின் எடை என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்த அளவு, அவ்வளவுதான்.) விழுகிற வெயில் முழுக்க உள்ளே இறங்காது. ஒரு பங்கு திரும்பிப்போகும், ஒரு பங்கைக் காற்று அடித்துக்கொண்டு போகும். ஆனாலும் இறங்குகிற பங்கே அந்த ஏசியை மூச்சுத் திணற வைக்கும். உள்ளே வந்த சூட்டை வெளியேற்ற மாதாமாதம் காசு, வராமல் தடுக்க எப்போதோ ஒருமுறை செலவு. ஆகவே என் பதில் ஏசியிலிருந்து தொடங்காது, மொட்டை மாடியிலிருந்து தொடங்கும்.

வெள்ளை அடியுங்கள். வெறும் கான்கிரீட் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும், நல்ல வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெறுங்காலோடு மத்தியானம் இரண்டிலும் நின்று பார்த்தால் வேறு விளக்கமே தேவைப்படாது. சாதாரண சுண்ணாம்பும் வேலை செய்யும், ஆனால் ஒரு மழைக்காலம் போனால் பாதி கரைந்திருக்கும். கூல் ரூஃப் பெயிண்ட் என்று விற்பது சில வருடம் தாங்கும். எதுவானாலும் அடிப்பதற்கு முன் பாசி, தூசி, உரிந்த பழைய பூச்சு எல்லாவற்றையும் தேய்த்து எடுக்காவிட்டால் அப்பளம் மாதிரி கிளம்பி வந்துவிடும். அடித்த பிறகும் கோடைக்கு முன் ஒருமுறை கழுவி விடுங்கள், அழுக்கேறிய வெள்ளை வெயிலைத் திருப்பாது. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் “பெயிண்ட் செலவு என்னுடையது, கூலி உங்களுடையது” என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அதே பூச்சு ஒழுகலையும் கொஞ்சம் தடுக்கும் என்று சொன்னதும்தான் அவர் முகம் மலர்ந்தது.

பூச்சு முடியாதென்றால் நிழல். மாடியில் இடுப்புயரத்துக்குப் பச்சை வலை கட்டினாலும் போதும். வலைக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் வேண்டும் என்பதுதான் முக்கியம், ஒட்டிப் போட்டால் பாதிப் பலன் போய்விடும். சோலார் தகடு வைக்கிற யோசனை இருந்தால், அதன் நிழலும் இலவசமாக வந்துசேரும்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவதையும் ஒரு கோடை முழுக்கச் செய்தேன். பலன் உண்டு, மறுக்க மாட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் தினம் நாலைந்து வாளி தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. கொதிக்கிற தளத்தில் திடீரென்று தண்ணீர் விழுந்து விழுந்து மயிரிழை விரிசல்கள் வேறு. தண்ணீரும் சும்மா வருவதில்லை. இப்போது அந்தப் பக்கமே போவதில்லை.

அடுத்தது ஜன்னல், அதிலும் மேற்கு ஜன்னல். நடுப்பகல் வெயிலை சன்ஷேட் ஓரளவு தடுத்துவிடும். நாலு மணி வெயில் சாய்ந்து நேராக உள்ளே நுழையும், அதற்கு சன்ஷேட் ஒரு பொருட்டே இல்லை. சாதாரண கண்ணாடி தன் மேல் விழும் வெயிலின் சூட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த வெயில் தரையிலும் கட்டிலிலும் பட்டு அனலாக மாறியபின், அந்த அனல் அதே கண்ணாடி வழியாகத் திரும்பிப் போகாது. நான் முதலில் கனமான கரும்பச்சைத் திரை வாங்கி உள்பக்கம் மாட்டினேன். அறை இருட்டாயிற்று, சூடு குறைந்தபாடில்லை. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தால் அடுப்பு. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்க வேண்டும். அதனால் இப்போது வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்குகிறது. கொடியோ மரமோ அந்தப் பக்கம் வளர்க்க இடமிருந்தால் அதைவிட நல்லது. வெளியே எதுவும் மாட்ட வழியில்லாவிட்டால், உள்திரையின் கண்ணாடிப் பக்கமாவது வெள்ளையாக இருக்கட்டும்.

இனி காசே செலவில்லாத விஷயம்: ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது. “கோடையில் ஜன்னலைத் திறந்து வை, காற்று வரும்” என்று எல்லோரும் சொல்வார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் திறந்து வைத்தால் வருவது காற்றல்ல, அனல். இரண்டு சின்ன வெப்பமானி வாங்கி ஒன்றை உள்ளே, ஒன்றை வெளியே நிழலில் தொங்கவிடுங்கள். வெளி வெப்பமானி உள் வெப்பமானியைவிடக் குறைவாகக் காட்டும்வரை எல்லாவற்றையும் திறந்து போடுங்கள், வெளியே முந்திக்கொண்டதும் மூடித் திரையை இழுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் காலை எட்டரைக்கு மூடுவது, சாயங்காலம் ஏழரை வாக்கில் திறப்பது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். திறக்கும்போது எதிரெதிர் பக்க ஜன்னல்களைத் திறந்தால்தான் காற்று ஊடே ஓடும். ஒரே பக்கம்தான் ஜன்னல் என்றால், அதில் ஒரு மேஜை ஃபேனை வெளியே பார்த்து வைத்து உள்சூட்டைத் தள்ளுங்கள், வேறு கதவு வழியாகக் குளிர்ந்த காற்று தானே வரும். இரவிலும் வெப்பம் இறங்காத, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் இருந்தால் இந்த வித்தைக்குப் பலன் குறைவுதான். அங்கே உடம்பின் மேல் காற்றுப் படுவதே மருந்து.

ஃபேனைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை. ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்கி நம்மைக் குளிர வைக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் தன் மோட்டார் சூட்டால் அந்த அறையைச் சற்றுச் சூடாக்கத்தான் செய்யும். எழுந்து போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வரை இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் உள்ளது) 30 வாட் சுற்றிலேயே அதே காற்றைத் தரும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்குக் கிட்டத்தட்ட அரை யூனிட் மிச்சம். பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டர் இன்னும் சுவரில் இருந்தால் கழற்றி எறியுங்கள், வேகத்தைக் குறைத்தாலும் அது மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் சூட்டைத்தான் உடம்பில் வாரி அடிக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்த நேரத்தில் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, குளிர்ந்த இடத்துக்கு அழைத்துப் போவதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்குள் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். சமையலை விடியற்காலைக்கு மாற்றுவது, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது, மிச்சமிருக்கும் குண்டு பல்பை எல்இடிக்கு மாற்றுவது எல்லாம் இதில் அடக்கம்.

ஏர்கூலர் வாங்கலாமா என்றால், உங்கள் ஊர்க் காற்று வறண்டதா ஈரமானதா என்பதைப் பொறுத்தது. வறண்ட காற்றில் ஏசி இழுக்கும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கிலேயே நன்றாகக் குளிர்விக்கும். ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாகாது, கூலர் வெறும் சத்தம் போடும் ஃபேன். வாங்கினால் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். ஏசி நினைப்பில் நான் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஓட்டி, மறுநாள் காலை மெத்தை ஈரமாகப் பிசுபிசுத்தது.

கடைசியாக ஏசி. வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. முன்பு வந்ததும் 16-ல் வைப்பேன், சீக்கிரம் குளிரும் என்ற நினைப்பு. சாதாரண கம்ப்ரஸர் 16-ல் வைத்தாலும் 26-ல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுவான கணக்கு. 27-ல் ஏசி, கூடவே மெதுவாக ஃபேன் என்று ஓட்டிப் பாருங்கள். நல்ல காற்று படும்போது உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரிதான் தெரியும். ஒரு டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1000 வாட், ஃபேன் அதில் ஒரு துளி. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், வெளிப்பெட்டியை மூச்சு முட்டும்படி அடைத்து வைக்காதீர்கள். ஏசியை வாங்குவதற்கு முன் கூரை வேலையை முடித்துவிட்டால் ஒன்றரை டன் கேட்கும் அறைக்கு ஒரு டன்னே போதும் என்று ஆகலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், நாளை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூரையின் உட்புறத்தையும் நாலு சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது அதிகம் சுடுகிறதோ, அதன் வெளிப்பக்கத்துக்கு முதலில் நிழலோ வெள்ளையோ கொடுங்கள். எங்கள் வீட்டில் அது கூரை. கீழ்த்தளத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் மேற்குச் சுவர். அங்கே மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்திருந்தால் அவளுக்கு ஒரு டிகிரிகூடக் குறைந்திருக்காது.