ஐந்து பலகாரம் வேண்டாம்

வணக்கம் சகோதரி. தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, விடுப்போ ஒரே நாள், நாத்தனார் குடும்பம் வேறு வருகிறது, மாமியார் ஐந்து பலகாரம் என்கிறார், இரவு 2 மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதிரசம் மட்டும் வீட்டில் செய்யுங்கள். அதன் மாவை முன்கூட்டியே பிசைந்து வைப்பதுதான் முறை. இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் பதம் வரும். இந்த ஞாயிறு பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே அரைத்துவிடுங்கள். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் உருட்ட வரவேண்டும். பாகு முறுகினால் அதிரசம் கல்தான். என் முதல் வருடத்து அதிரசத்தை என் கணவர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்!

முறுக்கு, மிக்சர் எல்லாம் கடையில் வாங்குங்கள். மாமியார் முகம் சுளிப்பாரே என்கிறீர்களா? "பாகு பதத்தை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், அத்தை" என்று அடுப்பருகே அழைத்துவிடுங்கள். பெரும்பாலும் கரண்டியையே வாங்கிக்கொள்வார். தீபாவளி லேகியம் கிளறுவதை நாத்தனாரிடம் விடுங்கள்; விருந்தாளி என்று உட்காரவைக்காதீர்கள்.

பண்டிகை முடிந்த பிறகும் படபடப்பும் தூக்கமின்மையும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது; அது அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

முதல் நாள் இரவு 10 மணிக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள். விடியற்காலை எண்ணெய் தேய்க்க எப்படியும் எழுப்பிவிடுவார்கள்.