துக்க வீட்டுக் கூட்டம் கலைந்த பிறகு

கேள்வி: எங்கள் சபையில் ஒரு சகோதரி கணவரை இழந்து நான்கு மாதம் ஆகிறது. அடக்க ஆராதனைக்கு ஊரே திரண்டது. இப்போது அவர் கோயிலுக்கே வருவதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நாங்கள் வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது, எப்படி உதவுவது?

பதில்: ‘ஏன் கோயிலுக்கு வரவில்லை?’ என்று கேட்டுக்கொண்டு மட்டும் வாசற்படி ஏறாதீர்கள். கணவரோடு வந்த இடத்துக்குத் தனியாக வருவது லேசான காரியமல்ல. பாட்டு தொடங்கியதும் அழுகை வந்துவிடுமோ, எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்ற பயமே பலரை வீட்டோடு இருத்திவிடுகிறது. ஞாயிறு காலை ஒருவர் போய்க் கூட்டிவந்து, அவர் பக்கத்திலேயே உட்காரட்டும். கடைசி வரிசை என்றாலும் சரி. அவர் நடுவில் எழுந்தால் கூடவே எழுந்து போங்கள்.

வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லப் போன பிறகுதான் ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’, அதாவது ஆறுதல் சொல்ல வந்து தொல்லை தருகிறவர்கள் என்று அவனிடம் பெயர் வாங்கினார்கள். ‘கர்த்தருடைய சித்தம்’ என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள். சகோதரி பேசட்டும்.

பத்துப் பேர் ஒருமுறை போவதைவிட, இரண்டு பேர் வாராவாரம் ஒரே கிழமையில் போவது மேல். ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்கக்கா’ என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘வியாழக்கிழமை தாலுகா ஆபீஸுக்கு நானும் வர்றேன்’ என்று சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, தகுதியிருந்தால் விதவை உதவித்தொகை என்று அலைச்சல் நிறைய இருக்கும். ஆதிச் சபையில் விதவைகளின் அன்றாடக விசாரணையில், அதாவது அவர்களுக்குத் தினமும் உதவி பகிர்வதில், குறை வந்தபோது, அதற்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 6). உங்கள் சங்கத்திலும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர் மனம்விட்டுச் சொன்ன கடனும் குடும்பச் சண்டையும் ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே வரக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் விவரத்தோடு போட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதன்பின் அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். சபைப் போதகரான ஐயரிடம் சொல்வதானாலும் சகோதரியைக் கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

‘நானும் போய்விட்டால் நல்லது’ என்று அவர் சொன்னால் மட்டும் ரகசியம் பார்க்காதீர்கள். தனியே விடாமல், குடும்பத்தாருக்குச் சொல்லி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இரவானால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.