சூடேறிய பிறகு ஆயில் விளக்கு சிமிட்டினால் இஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி இதுதான்: 1995 பஜேரோ, 2.5 டர்போ டீசல், மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் எடுக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. அரை மணி நேரம் ஓடிவிட்டு பிறை டோல் வரிசையில் நின்றால் சிவப்பு ஆயில் விளக்கு சிமிட்டுகிறது, ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. பட்டறையில் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "ஓவர்ஹால்" என்று சொல்லி ஆறாயிரம் வெள்ளி கேட்கிறார்கள். செய்யலாமா?

இப்போதைக்குச் செய்யாதீர்கள். பட்டறையில் யாராவது மீட்டர் மாட்டி ஆயில் பிரஷரை அளந்தார்களா? நீங்கள் எழுதியதில் அந்தப் பேச்சே இல்லை. அளக்காமல் ஓவர்ஹால் சொல்கிற ஃபோர்மனிடம் நான் என் காடியின் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

நானும் இதே வண்டிதான், இதே 4டி56 இஞ்சின், பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். அந்த விளக்கு எனக்கு இரண்டு தடவை எரிந்திருக்கிறது, இரண்டுக்கும் காரணம் வேறு. ஒன்று முப்பது வெள்ளியில் முடிந்தது. இன்னொன்றில் டுரியான் கூடையோடு இழுவை லோரியில் ஏறி வீட்டுக்கு வந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விஷயம் முதலில். விளக்கு சிமிட்டாமல் ஓடும்போதே நிலையாக எரிந்தால், ஓரங்கட்டி உடனே இஞ்சினை அணையுங்கள். "வீடு பக்கம்தானே, மெதுவாகப் போய்விடலாம்" வேண்டாம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது, அது எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, எண்ணெய் நின்றால் அதற்குச் சில நிமிடம் போதும். அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துச் சமதரையில் டிப்ஸ்டிக்கை, அதாவது எண்ணெய் அளவு காட்டும் கம்பியை, இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. அளவு ஏறியிருந்தால்தான் எனக்குப் பயம், ஏனென்றால் எண்ணெயில் டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ கலக்கிறது. மோந்து பார்த்தால் டீசல் தெரிந்துவிடும். தண்ணீர் என்றால் எண்ணெய் பால் கலந்த கோப்பி மாதிரி ஆகிவிடும்.

உங்கள் வண்டியில் அளவு சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து ஐட்லிங் வேகம், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது இஞ்சின் சுற்றும் வேகம். யாரும் இதைப் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 750 சுற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய இஞ்சின் 600-க்கு இறங்கிவிட்டால் ஆயில் பம்பும் அதே விகிதத்தில் மெதுவாகத்தான் சுற்றும், பிரஷரும் கூடவே இறங்கும். நம் ஊரில் ஏர்கோன் இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை, அந்த ஏர்கோன் ஓடும்போது ஐட்லிங்கைத் தூக்கிவிடுகிற சின்ன வேக்குவம் டப்பா பழைய வண்டிகளில் செத்துக் கிடக்கும். டோலில் நிற்கும்போது விளக்கு சிமிட்டினால் ஏர்கோனை அணைத்துப் பாருங்கள். விளக்கும் அணைந்தால் ஒரு துப்பு கிடைத்தது.

அப்புறம் சுவிட்ச். விளக்கை எரிய வைப்பது ஒற்றை வயர் போகிற ஒரு சின்ன சுவிட்ச். பிரஷர் ஏறக்குறைய 4 முதல் 7 பிஎஸ்ஐக்கு (பிரஷரை அளக்கும் அலகு) கீழே போனால் அது வயரை இஞ்சின் உடம்போடு சேர்த்துவிடும், விளக்கு எரியும், அவ்வளவுதான் அதன் வேலை. சாவியை ஆன் செய்து, இஞ்சினை ஓடவிடாமல் அந்த வயரை உருவுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ உரசித் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது, இஞ்சினுக்குச் சம்பந்தமே இல்லை. எனக்கு முதல் தடவை நடந்தது வேறு. சுவிட்சின் ரப்பர் தொப்பியை இழுத்ததும் உள்ளேயிருந்து கருப்பு எண்ணெய் ஒரு சொட்டு விரலில் விழுந்தது. சுவிட்சின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்து எண்ணெய் வயர் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கும் ஒரு பட்டறையில் ஓவர்ஹால் என்றுதான் சொன்னார்கள்! டாஷ்போர்டில் பிரஷர் முள் இருக்கிற மாடல் என்றால், பல பழைய வண்டிகளில் அந்த முள்ளுக்குத் தனி சென்சார், விளக்குக்குத் தனி சுவிட்ச், ஆகவே முள் ஒன்று சொல்லி விளக்கு வேறு சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

சுவிட்ச் புதிதாக மாற்றியும் சிமிட்டுகிறதா? இப்போது மீட்டர். சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் மீட்டர் மாட்ட வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் செட்டாகக் கிடைக்கும், ஆனால் மரை விஷயத்தில் கவனம். ஜப்பான் இஞ்சின்களில் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பிடி மரை, அங்குலத்துக்கு 28 வரி. ஆன்லைனில் வாங்குகிற செட்டுகளில் பாதிக்கு மேல் அமெரிக்க என்பிடி வரும், அதில் 27 வரி. கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும், அதற்கு மேல் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அலுமினிய மரை போச்சு. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நம்பாதீர்கள், சூட்டில் அது வெடித்து டர்போ மேல் எண்ணெய் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். ரப்பர் ஹைட்ராலிக் குழாய்தான் சரி.

மாட்டியதும் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், தேய்ந்த இஞ்சின்கூட அப்போது நல்ல எண் காட்டும். பினாங்குப் பாலத்தில் ஒரு தடவை போய்த் திரும்பி, அரை மணி நேரம் சூடாக ஓடிய பிறகு இரண்டு எண் எழுதிக்கொள்ளுங்கள்: ஐட்லிங்கில் எவ்வளவு, 3000 சுற்றில் எவ்வளவு. உங்கள் இஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிற எண்தான் கடைசித் தீர்ப்பு, ஆனால் கைக்கணக்கு ஒன்று உண்டு, 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐயாவது இருக்க வேண்டும். இங்கே ஒன்று கவனித்தீர்களா, 3000 சுற்றில் வெறும் 10 பிஎஸ்ஐ இருந்தாலும் அந்த விளக்கு எரியாது. விளக்கு அணைந்திருப்பதால் எல்லாம் நலம் என்று நினைக்கிறவர்கள்தான் கடைசியில் ஹாஃப் கட் கடையில், அதாவது பழைய வண்டிகளை வெட்டி விற்கிற கடையில், இஞ்சின் தேடி அலைகிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாமில் எனக்குத் தெரிந்த ஒரு மாமா இருக்கிறார், லோரி இஞ்சின் பார்த்தே முடி நரைத்தவர். போனில் எதைச் சொன்னாலும் முதலில் கேட்பது, "எப்ப எரியுது? நிக்கறப்பவா, ஓடறப்பவா?" அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சூட்டில் ஐட்லிங்கில் மட்டும் குறைந்து, சுற்று ஏற ஏற நன்றாக ஏறினால், எண்ணெய் தண்ணியாகிவிட்டது, அல்லது பேரிங்குக்கும் அதில் சுற்றும் தண்டுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. எந்த வேகத்திலும் ஏறவே இல்லை என்றால் அதிகப் பிரஷரை வெளியே விடுகிற ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். சுற்று ஏறும்போது பிரஷர் இறங்கினால் அது வேறு கதை, பம்புக்கு உறிஞ்ச எண்ணெய் போதவில்லை.

அந்தக் கதைதான் எனக்கு இரண்டாவது தடவை. ஜூன் மாதம், டுரியான் சீசன், குடும்பத்தோடு பாலிக் புலாவ் போய்விட்டுத் துன் சார்டோன் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். முதல் சம்பவத்துக்குப் பிறகு எண் காட்டுகிற ஒரு எலெக்ட்ரிக் மீட்டர் பொருத்தியிருந்தேன். மூன்றாவது கியரில் ஏற்றம், 2500 சுற்று, வழக்கமாக 50-க்கு மேல் நிற்கிற எண் 40, 31, 22 என்று இறங்குகிறது. காலை எடுத்தேன், சுற்று குறைந்தது, எண் திரும்ப ஏறியது. மறுபடி மிதித்தேன், இறங்கியது. ஓரங்கட்டி அணைத்துவிட்டேன். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாகவே இருந்தது. இழுவை லோரிக்காரர் வந்ததும், "டுரியானையும் லோரியில ஏத்தலாமா, இல்ல உங்க காடியிலயே இருக்கட்டுமா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியை, அதாவது சம்பைக் கழற்றினோம். என் வண்டியில் முன் டிஃப்பரன்ஷியல் குறுக்கே நிற்கிறது, அதைக் கொஞ்சம் இறக்காமல் சம்ப் வெளியே வராது, ஒரு நாள் வேலை. எண்ணெய் உறிஞ்சும் குழாயின் முனையில் டீ வடிகட்டி மாதிரி ஒரு வலை இருக்கும். அதில் சாம்பல் நிற சிலிக்கோன், சேமியா நூல் மாதிரி, பத்துப் பன்னிரண்டு துண்டுகள் சுருண்டு ஒட்டியிருந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் எண்ணெய்க் கசிவுக்காக ஒரு பட்டறையில் சம்பை ஒட்டினார்கள். கையில் இருந்த டியூப் முழுவதையும் பிதுக்கியிருப்பார்கள் போல. வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டார்கள், உள்ளே பிதுங்கியது உதிர்ந்து நேராக வலைக்குப் போய்விட்டது. அங்கே போய்ச் சண்டை போடவில்லை, பிரயோஜனமும் இல்லை. உங்கள் சம்பை அண்மையில் யாராவது திறந்தார்களா என்பதை யோசித்துப் பாருங்கள், ஆனால் உங்கள் அறிகுறி இதற்குப் பொருந்தவில்லை, மிதித்தால் உங்களுக்கு விளக்கு அணைகிறது.

உங்களுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது எண்ணெயைத்தான். கடைசி சர்வீசில் என்ன ஊற்றினார்கள்? இப்போதைய புது காடிகளுக்கு ஏற்ற 5டபிள்யூ-30 கைக்கு வந்திருந்தால், 100 டிகிரியில் 30 எண்ணெயின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5, 40 எண்ணெய்க்கு 12.5 முதல் 16.3, அளவு சென்டிஸ்டோக். சூட்டில் பேரிங் ஓரத்தில் வழிந்து ஓட 30 எண்ணெயின் இந்தத் தண்ணித்தன்மையே போதும். டீசலுக்கான 15டபிள்யூ-40, சிஐ-4 தரம் போதும், கூடவே நல்ல ஃபில்டர். இதை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள். ஊற்றலாம், எண் ஏறும், தேய்மானம் அப்படியே இருக்கும். வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்கிற வேலை அது.

கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தகரம் வெட்டும் கத்தரியால் திறந்து, உள்ளே இருக்கும் காகிதத்தை மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் காட்டுங்கள். ரம்பம் போடாதீர்கள், ரம்பத் தூளே இரும்பாக உள்ளே விழுந்து குழப்பிவிடும். மின்னுகிற தூள் இருந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறத் துகள், அதிலும் செம்பு நிறம் கலந்திருந்தால், பேரிங்கின் மேல் பூச்சு போய் அடியில் இருக்கும் செம்பு வரை தேய்ந்துவிட்டது. அப்போதும் ஆறாயிரம் வெள்ளிக்குத் தாவ வேண்டாம். சம்பை இறக்கி, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராட் ஒன்றின் மூடியைக் கழற்றி, பிளாஸ்டிகேஜ் என்கிற மெழுகு நூலை வைத்து இறுக்கித் திறந்தால் இடைவெளி எவ்வளவு என்று நசுங்கிய அகலமே சொல்லிவிடும். 0.1 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் பேரிங் மாற்றும் நேரம் வந்துவிட்டது, கிராங்கில் கோடு விழாமல் இருந்தால் இஞ்சினை இறக்காமல் கீழிருந்தே ராட் பேரிங் மாற்றிவிடலாம். இந்த இஞ்சினில் அதிர்வைக் குறைக்க இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் இருக்கிறது, அவற்றின் புஷ்ஷும் தேய்ந்து பிரஷரைத் தின்னும், ஃபோர்மனுக்கு அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் செருகினால் பிரஷர் ஏறிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். அந்த வால்வு அதிகப் பிரஷரை வெளியே விடத்தான் இருக்கிறது. ஐட்லிங்கில் அது மூடியேதான் இருக்கும், மூடிய கதவை இன்னும் இறுக்கி மூடி உங்கள் டோல் பிரச்சினை தீரப் போவதில்லை. குளிர்ந்த இஞ்சினில் மட்டும் பிரஷர் எகிறி ஃபில்டர் சீல் பிதுங்கும்.

சரி, இந்த வாரம் எண்ணெய், ஃபில்டர், சுவிட்ச் மூன்றையும் மாற்றிவிட்டு மீட்டர் மாட்டுங்கள். சூட்டில் ஐட்லிங் எண், 3000 சுற்று எண், ஏர்கோன் போட்டபோது சுற்று காட்டுகிற டேக்கோ முள் எங்கே நின்றது, மூன்றையும் கீழே எழுதுங்கள். ஃபில்டர் காகிதத்தை விரித்து ஒரு படமும் எடுத்துப் போட்டால் நல்லது, வெயிலில் எடுங்கள், ஃபிளாஷ் போட்டால் எண்ணெயே மின்னும்.