தக்கார் யுனிவர்சிட்டிக்கு இங்கிலீஷ் மட்டும் போதுமா?

நண்பா, செனகல் தலைநகர் தக்கார்ல ஷேக் அந்தா ஜோப் யுனிவர்சிட்டிக்கு ஆறு மாசம் ஆய்வுக்குப் போறேன், பிரெஞ்சு சுத்தமா வராது, இங்கிலீஷை வச்சு ஓட்டிடலாமான்னு கேட்டிருந்தீங்க. கஷ்டம்ங்க. கிளாஸ், பரீட்சை, ஆபீஸ் ஃபாரம் முக்கால்வாசி பிரெஞ்சுதான், 1957ல பிரெஞ்சுக்காரங்க ஆட்சியில ஆரம்பிச்சது, 1987ல பேரை மாத்துனாங்களே தவிர பாட மொழி மாறல, அதனால இன்னிக்கே உக்காந்து படிக்க ஆரம்பிங்க.

ஆனா பசங்க தங்களுக்குள்ள பேசுறது பெரும்பாலும் வொலோஃப். அதுல நாலு வார்த்தையாவது கத்துக்கிட்டுப் போங்க ப்ளீஸ், "நங்க தெஃப்"னு நலம் விசாரிச்சா "மங்கி ஃபி"ன்னு சொல்லணும். அத்தாயான்னு ஒரு டீ, கரி அடுப்புல கொதிக்க வச்சு, கைய ஒசத்தி ஆத்தி ஆத்தி நுரை கட்ட வச்சு, சின்ன கிளாஸ்ல மூணு ரவுண்டு தருவாங்க, ரெண்டாவதுலயே எழுந்து வந்துடாதீங்க, பேச்சு பழகுறதே அங்கதான்.