பௌதிகவியல் படிக்கப் போகிறேன் என்று நிற்கிற மகளின் வாப்பாவுக்கு

நானா, பொறியியல் கிடைக்கக்கூடிய பிள்ளை பௌதிகவியல்தான் வேணும் என்று அடம்பிடிக்கிறாள், அதிலும் ‘பளிங்குக்குள் இருக்கிற மாசு அணுக்கள்’ என்று என்னவோ சொல்கிறாள், இதைப் படித்தால் யார் வேலை தருவான் என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பிள்ளை எதைக் கண்டு இப்படிப் பிடித்துக்கொண்டாள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வயலுக்குப் போடுகிற எம்.ஓ.பி. பசளை இருக்கிறதே, அது பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டுத்தான். அதையே சுத்தமான பளிங்காக வளர்த்து, அங்கொன்று இங்கொன்றாகப் பொற்றாசியத்தின் இடத்தில் இலிதியத்தை வைக்கிறார்கள், மகள் சொல்கிற மாசு அணு இதுதான். இலிதியம் அயன் மிகச் சிறியது, பெரிய ஆளின் செருப்புக்குள் குழந்தையின் கால் மாதிரி, நடுவில் நிற்காமல் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். ஒதுங்குவதற்கு எட்டு மூலைகள். ஒரு கெல்வினுக்கும் கீழே, அதாவது மறை 272 பாகை செல்சியசையும் தாண்டிக் குளிரவைத்தால் அது ஒரு மூலையிலேயே உறைந்து கிடக்கும் என்றுதானே நினைப்போம்? கிடக்காது. இரண்டு மூலைகளுக்கும் இடையிலுள்ள தடையை ஏறிக் கடக்கச் சக்தி இல்லாமலே, குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவி அடுத்த மூலைக்குப் போய்விடும். இலிதியம் மிகக் குறைவாக இருக்கும்வரை ஒவ்வொரு அயனும் தன்பாட்டில் இதைச் செய்யும். அளவைக் கூட்டக் கூட்ட ஒன்றையொன்று உணரத் தொடங்கி, முதலில் சோடி சோடியாக அசையும், ஆயிரத்தில் ஒன்று என்கிற அளவை நெருங்கும்போது அந்த ஒழுங்கான அசைவே குலைந்துபோகும். அதற்குக் கணக்குப் போடுவது லேசில்லை, எல்லா அயனும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு இருப்பதால் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்துத் தீர்க்க முடியாது. பதினெட்டு பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை இதில் மனதை விட்டிருக்கிறாள் என்றால் எனக்கு உண்மையில் பெரிய சந்தோஷம்.

பிழைப்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. சிலிக்கனுக்குள் பொசுபரசு அணுக்களை மாசாக வைத்து, அவை பக்கத்து அணுவோடு கொள்கிற தொடர்பைக் கொண்டே குவாண்டம் கணினி, அதாவது அணு மட்டத்து இந்த மாதிரி நடத்தையை வைத்துக் கணக்குப் போடுகிற கணினி, செய்யலாம் என்று புரூஸ் கேன் என்ற பௌதிக விஞ்ஞானி 1998இல் முன்வைத்தார், அவுஸ்திரேலியாவில் அந்த வழியில் இன்றும் வேலை நடக்கிறது.

சரி, வழி என்ன? வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது, கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணமும் உண்டு. எங்கே போனாலும் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்க விடாதீர்கள். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எடுத்தால் அமெரிக்காவில் முதுமாணி இல்லாமலே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், கற்பித்தல் உதவியாளராக வேலை செய்தால் பெரும்பாலும் கட்டணமும் கழிந்து மாதச் செலவுக்கும் கிடைக்கும். பாகிஸ்தானியப் பௌதிக விஞ்ஞானி அப்துஸ் ஸலாம் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் தொடங்கிய பௌதிகவியல் நிலையத்தில் வளர்முக நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வருட டிப்ளோமா இருக்கிறது, திண்மப் பொருள் பௌதிகமும் அதில் ஒரு பிரிவு, புலமைப்பரிசிலோடு.

பரிசோதனைப் பக்கம் போனால் அந்தக் குளிரை எட்ட ஹீலியம் இரண்டு வகையையும் கலந்து இயங்குகிற குளிரூட்டி வேண்டும், அதன் விலை மிக அதிகம், அதனால் வெளிநாட்டில் பல வருடம் இருக்க நேரிடும். மகளைத் தூர அனுப்புவது பற்றி வீட்டில் இப்போதே பேசிவையுங்கள், கடைசி நேரத்தில் மறிக்கிறது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். கோட்பாட்டுப் பக்கம் என்றால் கணிதமும் பைத்தன் என்கிற கணினி மொழியும் போதும். அப்புறம் மனம் மாறினாலும் அந்த இரண்டையும் வைத்து மென்பொருள், வங்கி, உயர்தர ஆசிரியம் என்று போகலாம்.

இன்னொன்று, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி வந்தபின் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ‘சும்மா கிடக்கட்டும்’ என்று பொறியியலை மேலே போடாதீர்கள். புள்ளி போதுமென்றால் மேலே உள்ளதுதான் கிடைக்கும், கீழே எழுதிய பௌதிக விஞ்ஞானத்தை யாரும் பார்க்கவே மாட்டார்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாங்கி, பௌதிகவியலில் நான்கு வருடம் எங்கெங்கே இருக்கிறது என்று மகளோடு இருந்து பார்த்துவிட்டு வரிசையை எழுதுங்கள்.